த்ரீ நாட் த்ரீயும் நாப்பதாம் நம்பர் நூலும்



ஆண்டு மலர் என்றாலே கவிதை, டூர் கட்டுரை, "இளைஞனே எழுந்திரு" என்று ஒரு வரிசை உண்டு. நான் துப்பாக்கித் தோட்டாக்களின் பெயரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழுவில் ஒருத்தன், "ராஜபாளையத்துக்கும் துப்பாக்கிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். இங்கே மில் இருக்கு, வேட்டை நாய் இருக்கு, பஸ் ஏறினால் எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா இருக்கு. துப்பாக்கி ஃபேக்டரி கிடையாது. ஆனாலும் சம்பந்தம் உண்டு, கொஞ்சம் பொறுங்க.

முதலில் ஒரு சின்ன விளக்கம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, அடியில் பற்றவைக்கும் பிரைமர், நுனியில் குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். நம்ம பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்புவது தனிக்கதை.

என்.சி.சி. நண்பர்கள் கேம்ப்பில் சுடுவது .22 ரைஃபிள். ராணுவத்தின் இன்சாஸ் 5.56 மி.மீ. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படிச்சாச்சு. .22 அங்குலத்தைப் பெருக்கிப் பாருங்க, 5.588 வரும். அப்போ இரண்டும் ஒண்ணுதானே? இல்லவே இல்லை! .22 தோட்டா சுண்டுவிரல் பாதிகூட இருக்காது, மொத்த நீளமே 25 மி.மீ.தான். அதன் குண்டு ஒலியின் வேகத்தை ஒட்டிப் போகும். இன்சாஸ் தோட்டா 57 மி.மீ. நீளம், குண்டின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர். இரண்டு பெயரும் குழலின் துளையை மட்டும் சொல்கின்றன, பின்னால் எவ்வளவு மருந்து இருக்கு என்று மூச்சு விடுவதில்லை.

சரி, துளையையாவது ஒழுங்காகச் சொல்கிறதா? 1888-ல் பிரிட்டிஷ்காரன் கொண்டுவந்த .303-ஐ எடுங்க. பழைய சினிமாவில் போலீஸ்காரர் தோளில் தொங்கும் அதே த்ரீ நாட் த்ரீ. அதன் குண்டை மைக்ரோமீட்டரில் பிடித்தால் .303 வராது, .311 அல்லது .312 வரும். காரணம் இதுதான்: ரைஃபிள் குழலுக்குள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். பள்ளத்துக்கு நடுவே நிற்கும் மேட்டுக்கு மேடு அளந்தால் .303. குண்டு அந்தப் பள்ளத்தையும் நிரப்ப வேண்டும், அதனால் அது பருமன். நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், பெயர் வைத்தது மைனர் டயாவுக்கு, உள்ளே போவது மேஜர் டயா. எம் 10 போல்ட்டுக்கு நாம் மேஜர் டயாவைச் சொல்கிறோம், இவன் தலைகீழ். அதிலும் எல்லோரும் ஒரே மாதிரி என்றால் பரவாயில்லை. அமெரிக்காவின் .308 என்பது குண்டின் அளவு. அதே தோட்டாவின் ராணுவ இரட்டை 7.62, அதாவது .300 அங்குலம், மேட்டுக்கு மேடு! ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பி ரைஃபிளின் தோட்டாவுக்கு ஜெர்மனியில் பெயர் 7×57. ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், ஸ்கூலில் ஒரு பெயர்.

அமெரிக்கப் பெயர்களில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண் இன்னும் தமாஷ். .30-30 என்றால் பின்னால் வருவது மருந்தின் எடை, 30 கிரெய்ன். .30-06 என்றால் அது வருஷம், 1906! .250-3000 என்றால் வேகம், வினாடிக்கு 3000 அடி. ஒரே இடத்தில் எடை, வருஷம், வேகம். இப்படி டிராயிங் ஷீட்டில் டைமென்ஷன் போட்டால் நம்ம ஆசிரியர் ஷீட்டையே கிழித்து விடுவார்.

இது வேடிக்கை மட்டுமில்லை. நம்ம ராணுவத்துக்கு 2019-ல் ஒப்பந்தமான சிக் 716 ரைஃபிள் 7.62. 2021 டிசம்பரில் ஒப்பந்தமாகி அமேதி பக்கம் கோர்வாவில் தயாராகும் ஏ.கே. 203-ம் 7.62. செய்தியில் இரண்டுக்கும் "7.62 எம்.எம். துப்பாக்கி" என்றுதான் வரும். ஆனால் முதலாவது 7.62×51, அடுத்தது 7.62×39. பின்னால் இருப்பது பித்தளைக் கூட்டின் நீளம். ஒன்றின் தோட்டா மற்றதற்குச் சேராது. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் டிரிச்சி அசால்ட் ரைஃபிளும் இந்த 39 வகைதான். எல்லையில் நிற்பவனுக்குப் பெட்டி மாறிப் போனால் அவன் கையில் இருப்பது வெறும் இரும்புக் கம்பு.

இப்போ ராஜபாளையம். எங்க ஊர்ப் பக்கம் மலையடிவாரத் தோப்புக்காரர் ஒருவரிடம் லைசென்ஸ் வாங்கிய பழைய 12 போர் துப்பாக்கி இருக்கு. "20 போர் இதைவிடப் பெருசாய்யா?" என்று கேட்டேன். "தம்பி, நம்பர் ஏற ஏறக் குழல் ஒடுங்கும். ஏன்னு எனக்குத் தெரியாது" என்றார். கணக்கு இதுதான்: குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டை 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு, அது 12 போர். ஈயத்தின் அடர்த்தியை வைத்துப் போட்டுப் பார்த்தேன், விட்டம் 18.5 மி.மீ. வந்தது. 20 உருண்டை ஒரு பவுண்டு என்றால் 15.6 மி.மீ.

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? 840 கெஜம் ஒரு ஹேங்க். ஒரு பவுண்டுக்கு 40 ஹேங்க் வந்தால் 40-ஆம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு! 1936-லிருந்து மில் ஓடும் இந்த ஊரில் ஸ்பின்னிங்கில் நிற்கும் எந்த அக்காவுக்கும் 12 போர் கணக்கு ஒரு நிமிஷத்தில் புரியும். அதே நூலை டெக்ஸில் சொன்னால் தலைகீழ், நம்பர் ஏறினால் தடிப்பு. இரண்டு இழை முறுக்கினதை ஒருத்தர் 2/40 என்பார், இன்னொருத்தர் 40/2 என்பார். தோட்டாக்காரனைப் பார்த்து நாம் ரொம்பச் சிரிக்கவும் முடியாது.

நூல் மாறினால் துணியில் பட்டை விழும், சரக்கு திரும்பி வரும். தோட்டா மாறினால்? 20 போர் தோட்டாவை 12 போரில் போட்டால் அது நழுவி உள்ளே போய் நின்றுகொள்ளும். பின்னால் இருப்பது காலி என்று நினைத்து 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கும் கையோடு. இதற்காகவே 20 போர் தோட்டாவின் உறைக்கு மஞ்சள் நிறம் என்று அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வைத்தார்கள். பெயர் செய்யாத வேலையைப் பெயின்ட் செய்கிறது. நம்ம மில்லில் கோனுக்குக் கவுண்ட்வாரியாகக் கலர் வைப்பதும் அதே புத்திதான், அதே காரணம்தான்.

"பழகிட்டா சரியாயிடும்" என்பார்கள். பழகினவனுக்கு எந்தப் பெயரும் சரிதான். அடிபடுவது புதுசாக வந்தவன். என் கட்சி இது: பெயரை மாற்ற வேண்டாம், நூறு வருஷப் பெயரை யார் மாற்றுவது? ஆனால் ரெஜிஸ்டரிலும் பெட்டியிலும் செய்தியிலும் முழுப்பெயர் எழுதணும். வெறும் 7.62 போதாது, 7.62×39 என்று இருக்கணும். வெறும் 40 போதாது, 40 என்ன கணக்கு என்று இருக்கணும்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். நம்ம மெட்ராலஜி லேப் சுவரில் ஒரு சார்ட் மாட்டுவோம். இடது பக்கம் அரை அங்குலக் குழாய், 40-ஆம் நம்பர் நூல், 12 போர், .303, 7.62. வலது பக்கம் ஒவ்வொன்றின் நிஜ அளவு. அரை அங்குலக் குழாயின் எந்தப் பக்கத்தை வெர்னியரில் பிடித்தாலும் அரை அங்குலம் வராது என்பதை முதல் வருஷப் பையன்கள் தாங்களே அளந்து எழுதட்டும். தோட்டாவுக்குப் படம் போதும். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா செலவு என்னுடையது.