விண்ணப்பத்தின் முதற் பந்தியில் யாருடைய காயம்?



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து வந்தது. எழுதியவர் 2009இல் செல் பட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த தாய். அமெரிக்காவில் வளர்ந்த அவரது தங்கையின் மகள் ‘மருத்துவர் உதவியாளர்’ படிப்பிற்கு விண்ணப்பிக்கப் போகிறாள். விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையைப் பெரியம்மாவின் கால் போன கதையோடு தொடங்கி, தொலைபேசியில் வாசித்தும் காட்டியிருக்கிறாள். “பிள்ளை முன்னேற வேண்டும். ஆனால் கேட்டதிலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. வேண்டாம் என்றால் அவளுக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ?” என்று கேட்கிறார்.

அதனால் போகாது, அக்கா. ஏனென்று சொல்கிறேன்.

மருத்துவரோடு இணைந்து நோயாளியைப் பரிசோதித்து, மருந்தும் எழுதும் தொழில் இது. எங்கள் ஊர்களில் முன்பு இருந்த அப்போதிக்கரியை நினைத்தால் ஓரளவு பிடிபடும். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் யூஜின் ஸ்டெட் இப்படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணி செய்தவர்கள். கைப்பழக்கம் இருந்தது, அதற்கேற்ற பட்டம் இருக்கவில்லை. (பதுங்குகுழிக்குள் காயம் கட்டிய எங்கள் பெண்களுக்கு இப்படியொரு கதவு திறந்ததாக நான் காணவில்லை.) இன்றும் பெரும்பாலான கல்லூரிகள், விண்ணப்பிப்பவர் நோயாளிகளோடு நேரடியாக வேலை செய்திருக்கிறாரா என்று பார்க்கின்றன.

கட்டுரைக்கு இடமும் குறைவு. காஸ்பா எனப்படும் பொது விண்ணப்பத்தில் இடைவெளிகளையும் சேர்த்து 5,000 எழுத்துக்கள்தான், அதாவது ஒன்றரைப் பக்கமளவு. ஏன் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறாய் என்பதுதான் கேள்வி. முதற் பந்தி முழுவதும் செல் வெடிப்பும் இரத்தமுமாக இருந்தால், வாசிப்பவர் உங்களைக் காண்பார், பிள்ளையைக் காணமாட்டார். அன்று அவளுக்கு ஏழு வயது, இருந்ததோ கடல் கடந்து. அவள் பார்க்காததை அவள் வாயால் சொல்லும்போது சோடனை போலத்தான் தெரியும்.

நிவாரணப் படிவங்கள் எங்களை இழப்பிலிருந்தே தொடங்கப் பழக்கிவிட்டன. இது நிவாரணப் படிவம் அல்ல. இரக்கப்பட்டு இடம் கொடுக்கமாட்டார்கள். “சிறுவயது முதலே பிறருக்கு உதவ ஆசை” என்ற தொடக்கமும் வேண்டாம். அதை யாரும் எழுதலாம்.

அப்படியானால் எதில் தொடங்குவது? உங்கள் கடிதத்தின் நடுவிலேயே விடை இருக்கிறது. பிள்ளை இரண்டு வருடமாக முதியோர் இல்லமொன்றில் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடும் வேலை செய்கிறாள். அங்கே சலரோகத்தால் கால் எடுக்கப்பட்ட ஐயா ஒருவர் இருக்கிறார். ஒரு காலை அவருக்குச் செயற்கைக்கால் மாட்டப் போனபோது தோலில் சிவப்பைக் கண்டு, மாட்டாமல் தாதியைக் கூப்பிட்டிருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, இரவில் நீங்கள் காலைக் கழற்றிவிட்டுச் சின்னக் கண்ணாடியை வைத்துத் தோலைப் பார்ப்பதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

இப்படித் தொடங்கலாம்: “செயற்கைக்காலைக் கையில் எடுத்தேன், ஆனால் மாட்டவில்லை. நுனியில் ஒரு சதமளவு சிவப்பு. தாதி வரும்வரை அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்புக்கு என்ன செய்வதென்று தீர்மானிக்கும் அறிவு எனக்கு வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.” இங்கே அவளுடைய கையும் கண்ணும் இருக்கின்றன, படிக்க வேண்டிய காரணமும் இருக்கிறது. பெரியம்மா அடுத்த பந்தியில் இரண்டு வரியில் வந்தால் போதும். அந்த ஐயாவின் பெயரோ அடையாளமோ வரக்கூடாது. அது அவளுக்கு வேலையில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உங்களுக்கும் அதே மரியாதை உண்டு.

அடுத்த முறை அழைக்கும்போது உங்களைப் பற்றிய வரிகளை மட்டும் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். எது வேண்டாமோ அதைக் காரணம் சொல்லாமலே எடுக்கச் சொல்லலாம். கண்ணாடி பார்ப்பதை எழுத உங்களுக்குச் சம்மதமென்றால், அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.