மருந்துச்சீட்டின் கடைசி வரி

சென்னையின் மேற்குப் புறநகரில், பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் வழியிலுள்ள பாரிவாக்கம் போன்ற ஊர்களில் மட்டுமன்றித் தமிழகமெங்குமே, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வரிசையாக எழுதிவிட்டுக் கடைசி வரியில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' எனப் பொதுவாக அறியப்படும் கேப்சூல் ஒன்றையும் சேர்த்துவிடுவது பொதுமருத்துவத்தில் ஒரு பழக்கமாகவே நிலைத்துவிட்டது. மற்ற வரிகளுக்கு எல்லாம் நோயின் பெயர், அளவு, எத்தனை நாள் என்ற கணக்கு இருக்க, இந்த ஒரு வரிக்கு மட்டும் 'உடம்புக்கு நல்லது' என்பதே போதிய காரணமாகிவிடுகிறது. நோயாளியும் அதைத்தான் மறக்காமல் வாங்குகிறார். காசு போதாத மாதத்தில் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டுச் சத்து மாத்திரையைத் தொடர்பவர்களும் உண்டு என்பதைப் புறநகர் மருத்துவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்த வரி எந்த அறிவியலின்மேல் நிற்கிறது என்று பார்ப்பது தொழில்முறைக் கடமையாகிறது.

ஆக்ஸிஜனேற்றம் என்பது, சுருங்கச் சொன்னால், ஒரு மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரான் பறிபோவது. ஓய்விலிருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லி லிட்டர் ஆக்ஸிஜனைச் செலவிடுகிறார்; அதில் மிகப் பெரும்பகுதி, செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில், மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு எலக்ட்ரான்கள் வீதம் முறையாகப் பெற்றுக்கொண்டு நீராகிவிடுகிறது. மிகச் சிறு பங்கு மட்டும் வழியிலேயே ஒற்றை எலக்ட்ரானைப் பெற்று 'சூப்பராக்ஸைடு' என்ற நிலையில் கசிகிறது. இப்படி இணையற்ற எலக்ட்ரானைத் தாங்கி நிற்கும் துகள்களே தனி உறுப்புகள் எனப்படுகின்றன. முதுமைக்கே இவைதாம் காரணம் என்ற கருத்தை டென்ஹாம் ஹார்மன் 1956-ல் முன்வைத்தபோது அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. சூப்பராக்ஸைடை அழிப்பதற்கென்றே உடலில் ஒரு நொதி இருக்கிறது என்று 1969-ல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் காட்டிய பிறகே நிலைமை மாறியது. 'சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ்' என்ற அந்த நொதி சூப்பராக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. அதைக் கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் முதலிய வேறு நொதிகள் நீராக்கிவிடுகின்றன.

இந்த இரண்டாம் படி தவறி, எஞ்சிய பெராக்ஸைடு கட்டுக்குள் இல்லாத இரும்பு அயனியைச் சந்தித்தால், ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பு பிறக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் செய்தி இங்கேதான் இருக்கிறது. ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே, ஏறத்தாழ ஒரு நானோ நொடிக்குள், பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கிவிடுகிறது. அது கொழுப்பா, புரதமா, மரபணுவா என்று பார்ப்பதில்லை. இரத்தத்தில் வைட்டமின் சி ஒரு பங்கு இருந்தால் குளுக்கோஸ் ஏறத்தாழ 100 பங்கு இருக்கிறது என்னும்போது, ஹைட்ராக்சிலை ஓடிப்பிடித்து அடக்கும் வேலையை மாத்திரையாக விழுங்கிய வைட்டமின் செய்யும் என்பது வேதியியல் கணக்கிலேயே நிற்காது. அதனால்தான் உடல் அதைத் துரத்தும் வேலையில் இறங்குவதில்லை. பெராக்ஸைடை முன்கூட்டியே அகற்றியும், இரும்பை ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதங்களுக்குள் பூட்டி வைத்தும், ஹைட்ராக்சில் பிறப்பதற்கான வாய்ப்பையே குறைக்கிறது.

வைட்டமின்களுக்கு இதில் வேலையே இல்லை என்பதும் தவறு. செல்சவ்வின் கொழுப்பில் ஒரு முறை தீப்பற்றினால் அது சங்கிலியாக அடுத்தடுத்த கொழுப்பு மூலக்கூறுக்குப் பரவும். திறந்து வைத்த எண்ணெயில் காறல் வாடை ஏறுவதும் இதே வினைதான். (நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடத் தாமதமாகக் காறுவதற்குக் காரணம் எள்ளிலேயே உள்ள செசமால் போன்ற பொருள்கள்; ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைத் தேர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை.) சவ்வுக்குள் இந்தச் சங்கிலியை அறுப்பது வைட்டமின் ஈ. அறுத்ததும் அது தானே செயலிழக்க, அதை வைட்டமின் சி மீட்கிறது. வைட்டமின் சி-யைக் குளூட்டாதயோன் மீட்கிறது. குளூட்டாதயோனை மீட்பதற்கான எலக்ட்ரான், குளுக்கோஸின் ஒரு பகுதி வேறொரு பாதையில் சிதையும்போது உருவாகும் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருளிலிருந்து வருகிறது. ஆக, ஒவ்வொரு ஆன்டிஆக்ஸிடன்ட்டும் கைமாற்றும் ஓர் இடைநிலையாளர் மட்டுமே. முதல் அந்தத் துணைப்பொருளிடம்தான் இருக்கிறது. சங்கிலியின் நடுவிலுள்ள ஒரு கண்ணியை மட்டும் பத்து மடங்கு பெருக்குவதால் முதல் கூடிவிடாது.

அந்த முதல் குறைந்தால் என்னவாகும் என்பதற்குச் சென்னை மருத்துவர்களின் கைக்கெட்டிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இந்நகரில் காணப்படும் மலேரியாவில் பெரும்பகுதி விவாக்ஸ் வகை. கல்லீரலில் உறங்கும் கிருமியை அழிக்கப் பிரைமாகுயின் 14 நாள் கொடுக்கப்படுகிறது. சிவப்பணுவில் என்ஏடிபிஎச் உருவாகும் பாதையின் முதல் நொதியான ஜி6பிடி பிறவியிலேயே குறைந்திருப்பவர்களுக்கு இந்த மருந்து தரும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைத் தாங்க இயலாமல் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கருத்து வெளியேறுகிறது. எக்ஸ் குரோமோசோமின் வழி வரும் குறை என்பதால் ஆண்களிடம் மிகுதி. ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் இவர்கள் தேறுவார்கள் என்று தோன்றக்கூடும்; ஆனால் இவர்களுக்கு வைட்டமின் சி-யை நரம்பு வழியாகப் பேரளவில் செலுத்தினால் அதுவே சிவப்பணுக்களை உடைக்கிறது, ஏனெனில் அந்தச் செறிவில் வைட்டமின் சி தானே பெராக்ஸைடைப் பிறப்பிக்கிறது. நிறம் வெளுக்க என்றும் களைப்பு தீர என்றும் குளூட்டாதயோனும் வைட்டமின் சி-யும் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் இக்காலத்தில், ஜி6பிடி சோதனை பற்றிய கேள்வியே எழாமல் ஊசி போடப்படுவது கண்டிக்கத்தக்கது.

வேதியியல் ஒருபுறம் இருக்க, மனிதர்களிடம் சோதித்தபோது என்ன கிடைத்தது என்பதே மருத்துவருக்கு முதன்மையான கேள்வி. அதற்கான மிக நேர்மையான விடைகளுள் ஒன்று தமிழகத்திலிருந்தே வந்திருந்தும், இங்கே அது அதிகம் பேசப்படவில்லை. கண்வில்லையின் புரதங்கள் வாழ்நாள் முழுதும் மாற்றப்படாமல் ஒளியையும் ஆக்ஸிஜனையும் எதிர்கொள்பவை. அவை ஆக்ஸிஜனேற்றத்தால் திரண்டு ஒளியை மறைப்பது கண்புரை தோன்றும் வழிகளுள் ஒன்று. ஆகவே ஆன்டிஆக்ஸிடன்ட்டால் பயன் கிடைக்க வேண்டிய நோய் எது என்று கேட்டால் கண்புரையைத்தான் முதலில் சுட்ட வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அமெரிக்க ஆய்வாளர்களோடு இணைந்து தென்தமிழகக் கிராமப்புற மக்கள் 798 பேரிடம் 5 ஆண்டுகள் நடத்தி, 2006-ல் முடிவை வெளியிட்ட ஆய்வு இதற்கென்றே வகுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் சி-யும் ஈ-யும், மற்றப் பிரிவினருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது தெரியாத மூன்று பரிசோதகர்கள் ஆண்டுதோறும் ஒவ்வொரு கண்ணையும் பார்த்தார்கள். மாத்திரையை உட்கொள்வதிலும் மறுபரிசோதனைக்கு வருவதிலும் மக்கள் காட்டிய ஒழுங்கு வியக்கத்தக்கது. இரு பிரிவிலும் புரை வளர்ந்தது. வளர்ந்த வேகத்தில் வேறுபாடு இல்லை.

இந்த முடிவை மேலைநாட்டு ஆய்வுகளைப்போல் ஒதுக்கிவிட இயலாது. நன்றாக உண்பவர்களிடம் கூடுதல் வைட்டமின் வேலை செய்யவில்லை என்றால், அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். மதுரை ஆய்வில் பங்கேற்றவர்களோ உணவில் இந்தச் சத்துகள் பொதுவாகக் குறைந்த மக்கள். குறையுள்ள உடலிலும், பொருத்தமான நோயிலும், 5 ஆண்டு தொடர்ந்தும் பலனில்லை.

இதற்கு எதிரான சான்றாகச் சிலர் திருச்சிராப்பள்ளி மாவட்ட ஆய்வைச் சுட்டக்கூடும். 15,419 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1990-ல் வெளியான அந்த ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. தமிழக மருத்துவ வரலாற்றில் பெருமையோடு நினைக்க வேண்டிய முடிவு அது. ஆனால் அங்கே ஒப்பீட்டுப் பிரிவுக் குழந்தைகளுக்கும் வைட்டமின் ஈ கொடுக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் இரு பக்கமும் சமமாக இருந்தது. உயிர்களைக் காத்தது, குறைந்திருந்த ஒரு சத்தை அதன் உரிய அளவில் நிரப்பியதுதான்.

பேரளவில் கொடுத்த இடங்களில் பயனின்மையோடு தீங்கும் சேர்ந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில் பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் அதே போன்ற இன்னோர் ஆய்வு 1996-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயை 17 விழுக்காடு கூட்டியது 2011-ல் தெரியவந்தது. இதயநோய் அபாயமுள்ள 9,541 பேரிடம் வைட்டமின் ஈ-யைச் சோதித்து 2000-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு குறையவில்லை.

ஏன் இப்படி என்பதற்கான விளக்கம் மெல்லத் தெளிந்து வருகிறது. தனி உறுப்புகளும் பெராக்ஸைடும் கழிவு மட்டுமல்ல, செய்தி சொல்பவையும்கூட. வெள்ளணு கிருமியைக் கொல்வது சூப்பராக்ஸைடை ஏவித்தான். மிதமான ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் வரும்போது என்ஆர்எஃப்2 என்ற புரதம் விடுபட்டுச் செல்லின் உட்கருவுக்குள் சென்று, காப்பு நொதிகளைக் கூடுதலாக உருவாக்கும்படி மரபணுக்களைத் தூண்டுகிறது. அழுத்தமே வராமல் செய்துவிட்டால் இந்த எச்சரிக்கையும் ஒலிப்பதில்லை. நடைப்பயிற்சியைப் பரிந்துரைக்கும் சர்க்கரைநோய் மருத்துவர்கள் 2009-ல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஒரு சிறிய ஆய்வை நினைவில் கொள்வது நல்லது: 4 வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களுள், நாள்தோறும் 1,000 மில்லி கிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் உட்கொண்டவர்களுக்கு, இன்சுலினுக்கு உடல் இணங்குவதில் பயிற்சியால் வர வேண்டிய முன்னேற்றம் கிட்டவில்லை. நடக்கச் சொன்ன அதே சீட்டின் கடைசி வரி நடையின் பலனைத் தின்றுவிடக்கூடும்.

பயன் உறுதிப்பட்ட இடங்கள் சில உண்டு; அவற்றையும் மறைக்கக் கூடாது. பாரசிட்டமால் அளவுமீறி உட்கொண்டவருக்கு 8 மணி நேரத்துக்குள் அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தால், தீர்ந்துபோன குளூட்டாதயோன் மீண்டும் உருவாகிக் கல்லீரல் பெரும்பாலும் காக்கப்படுகிறது. விழித்திரையின் மையப்பகுதி முதுமையால் சிதையும் நோயின் இடைநிலையில் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை சேர்ந்த குறிப்பிட்ட கலவை, நோய் முற்றுவதை ஏறத்தாழ கால்பங்கு குறைத்தது 2001-ல் நிறுவப்பட்டது. புகைபிடிப்பவர்களை எண்ணிப் பின்னர் அதிலிருந்து பீட்டா கரோட்டின் நீக்கப்பட்டு லூட்டீன் சேர்க்கப்பட்டது. இரண்டிலும் நோய் தெளிவு, அளவு தெளிவு, யாருக்கு என்பதும் தெளிவு.

மற்ற நோயாளிகளுக்குக் காப்பைக் கூட்டுவதைவிடத் தாக்குதலைக் குறைப்பதே மருத்துவரின் கையில் இருக்கிறது. கனரக வண்டிகள் ஓயாது செல்லும் பூவிருந்தவல்லிச் சுற்றுவட்டாரத்தில் டீசல் புகைத் துகளின் மேற்பரப்பிலுள்ள உலோகங்களும் குவினோன்களும் நுரையீரலுக்குள் தொடர்ந்து பெராக்ஸைடை உண்டாக்குகின்றன. நுண்துகள் பிஎம் 2.5-க்கு இந்தியா வகுத்துள்ள ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்ததோ 5. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெல்டிங் செய்பவர் சுவாசிக்கும் புகையில் இரும்பும் மாங்கனீசும் உள்ளன. அவருக்கு வேண்டியது முகக்கவசமும் காற்றோட்டமும். இரத்தச் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது அதைச் சார்பிட்டாலாக மாற்றும் வேலையிலேயே என்ஏடிபிஎச் கரைகிறது. ஆதலால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரைதான் அந்நோயாளிக்கு எழுதத்தக்க ஆன்டிஆக்ஸிடன்ட். மாலை நேரத்துப் பஜ்ஜிக் கடைகளில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருந்தும், நோயாளியிடம் எண்ணெய் பற்றி ஒரு கேள்வி கேட்பது அரிதாகவே இருக்கிறது.

கீரையும் நெல்லியும் கொய்யாவும் நல்லவை என்பதில் ஐயமில்லை. முருங்கைக்கீரையின் நன்மைக்கு வைட்டமின் சி மட்டும் காரணம் என்று சொல்ல இயலாது. அதில் பாதி கொதிக்கும்போதே போய்விடக்கூடும். நார்ச்சத்து, ஃபோலேட், பொட்டாசியம், என்ஆர்எஃப்2-ஐ மெல்லத் தட்டியெழுப்பும் தாவரப் பொருள்கள் என்று பல சேர்ந்து செய்யும் வேலையை ஒரு கேப்சூலுக்குள் அடைத்துவிடலாம் என்று எண்ணியதில்தான் முதல் பிழை நேர்ந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் விளையும் கீரைக்கட்டு சில கேப்சூல்களின் விலையில் வீட்டு வாசலுக்கே வருகிறது.

இவ்விதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒரு மாதத்துக்கு, அந்தக் கடைசி வரியை எழுதும்முன் அதற்கு எதிரே நோயின் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் குறித்துப் பாருங்கள். குறிக்க இயலாத சீட்டுகளில் அந்த வரியை அடித்துவிட்டு, மிச்சமாகும் பணத்துக்கு மெட்ஃபார்மினைத் தவறாமல் வாங்கச் சொல்லுங்கள்.