தட்டில் விழுந்தது எவ்வளவு?

மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், இந்தியாவில் பெரும்பாலும் தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவுக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அது வீட்டுக்கு வந்த அரிசி, பருப்பு, எண்ணெயைக் கேட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கிறது. முதலில் உட்காரும் ஆணும், கடைசியில் பானையைச் சுரண்டும் பெண்ணும் அந்த வகுத்தலில் சமமாகிவிடுகிறார்கள். 1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு வாரியம் வேறு வழியில் போனது. பணியாளர்கள் அளவுக் கிண்ணங்களோடு வீடு வீடாகச் சென்று, முந்தைய 24 மணி நேரத்தில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். 2015இல் அதை மூடியதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்றுச் சாப்பிட்டது யாருக்கு நினைவிருக்கும், ஒரு நாள் உணவு வழக்கமாகுமா என்று கேட்கலாம். ஒரு தனி மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஒரு நாள் போதாதுதான். ஆனால் கேள்வி ஓர் ஊரின் சராசரியைப் பற்றியது. விரதமிருந்தவரும் விருந்துக்குப் போனவரும் ஆயிரம் பேரில் ஈடாகிவிடுவார்கள். சிலரிடம் இன்னொரு நாளும் கேட்டால், அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கழிக்கலாம். ஞாபக மறதி அப்படி ஈடாவதில்லை. அது பெரும்பாலும் குறைத்தே சொல்லவைக்கும். உப்பில் இது அப்பட்டம்: சமைப்பவருக்கே கைக்கணக்குத்தான். உண்ட சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. அதனால்தான் 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் பத்தாயிரம் பேரின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்தது.