நாள் கூடுகிறது, டில்லியின் பணம் குறைகிறது!

எழுமலைக் கடைத்தெருவில் மாற்றுக் கட்சி நண்பர் ஒருவர் கேட்டார்: "100 நாள் வேலையை 125 நாளாக்கினால் நல்லதுதானே, அதற்கும் ஏன் கூச்சல்?" நியாயமான கேள்வி. மேடையில் முழங்குவதைவிடக் கணக்குப் போட்டுக் காட்டுவதே இதற்குச் சரியான பதில்.

2005-ம் ஆண்டுச் சட்டம், இடதுசாரிகளின் ஆதரவில் நின்ற ஆட்சியில் பிறந்தது. அதன்படி உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய சர்க்காரின் பொறுப்பு. 2025-26-ல் தமிழகத்துக்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். 100 நாளைக்கு 33,600 ரூபாய். அத்தனையும் டில்லி தர வேண்டியது. 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. கூடவே செலவில் 100-க்கு 40-ஐத் தமிழகம் போன்ற ராஜ்யங்களின் தலையில் கட்டுகிறது. அதே கூலியில் 125 நாளைக்கு 42,000 ரூபாய். இதில் டில்லியின் பங்கு 25,200. நாள் 25 கூடிற்று. டில்லியின் கை 8,400 ரூபாய் சுருங்கிற்று! மிச்சம் 16,800-ஐச் சென்னை தேட வேண்டும். எங்கே தேடுவது? ஜி.எஸ்.டி. வந்தபின் ராஜ்யங்கள் தாமாகக் கூட்டிக்கொள்ளக்கூடிய வரிகள் எத்தனை மிச்சம்?

இதைவிட ஆபத்தானது ஒதுக்கீட்டு வரம்பு. கொரோனா ஆண்டான 2020-21-ல் டில்லி பட்ஜெட்டில் எழுதிய தொகை 61,500 கோடி. ஊரெல்லாம் வேலை கேட்டபோது அதை 1,11,500 கோடியாகத் திருத்த வேண்டியதாயிற்று. இனி டில்லி முன்கூட்டியே ஒரு தொகையைக் குறிக்கும். அதற்கு மேல் ஆவதெல்லாம் ராஜ்யத்தின் செலவு. மானாவாரி பூமியில் மழை பொய்த்த ஆண்டில்தானே வேலை அதிகம் வேண்டும்?

வேலையில்லாப் படியின் கதை இன்னும் வேடிக்கை. வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் முதல் 30 நாளைக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு. இதற்குக் குறையாமல் ராஜ்ய சர்க்கார் தன் பெட்டியிலிருந்து தர வேண்டும் என்றது 2005 சட்டம். வேலை கொடுத்தால் கூலி டில்லிப் பணம், கொடுக்காவிட்டால் படி சொந்தப் பணம். ஆகவே வேலை கொடுக்கவே முனைவார்கள் என்று எண்ணினார்கள். தேதியிட்ட ரசீது இருந்தால்தானே 15 நாளை எண்ணுவது! பல ஊர்களில் அந்த ரசீதையே கண்ணில் காட்டவில்லை. இனி வேலை கொடுத்தாலும் நாளொன்றுக்கு 134 ரூபாய்க்கு மேல் சொந்தப் பணம். அதே விகிதத்தில் படி கொடுத்தால் முதல் 30 நாளும் 84 ரூபாய்தான். எது மலிவு என்று கஜானா அதிகாரிக்குச் சொல்லித்தர வேண்டுமா?

இவ்வளவையும் கேட்ட நண்பர், "எங்களுக்குத்தான் எந்த நாளும் இல்லையே" என்றார். உண்மை. எழுமலை பேரூராட்சி, கிராமங்களுக்கான சட்டம் இதன் எல்லைக்குள் வராது. பக்கத்து ஊராட்சிக்காரரிடம் அட்டை உண்டு, வரப்புக்கு இப்புறம் இல்லை. இரு புறமும் அதே விவசாயக் கூலிகள்தான்! 2021-ல் தமிழக சர்க்கார் நகர்ப்புற வேலைத் திட்டத்துக்கு 100 கோடி அறிவித்தது, சில ஊர்களில் மட்டும் சோதனையாக. கேரளத்தில் அய்யன்காளியின் பெயரால் நகரத்தாருக்கும் ஆண்டுக்கு 100 நாள் திட்டம் உண்டு. மகாராஷ்டிரம் 1977-ல் இயற்றிய தன் வேலை உறுதிச் சட்டத்துக்குத் தொழில் வரியை ஒதுக்கியது.

டில்லியுடன் போராடுவோம். அதற்குள், சென்னை பட்ஜெட்டில் பேரூராட்சிகள் அனைத்துக்கும் வேலைத் திட்டம் ஒன்றும், வேலையில்லாப் படிக்குத் தனிக் கணக்கு ஒன்றும் ஏறட்டும். ரசீதுப் புத்தகம் அச்சிட அதிகப் பணம் ஆகாது.