ஆண்கள் படிக்க வேண்டிய பாடம்

2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறு வீதியை ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் நிறைத்தார்கள். கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள் அவர்கள். ஆண் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே போராடி 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். நாடே வியந்தது.

கம்பெனியைப் பணிய வைத்த அந்தப் பெண்களுக்கு, இரவில் லயத்து வீட்டில் 'இன்று வேண்டாம்' என்று கணவனிடம் சொல்லும் உரிமை உண்டா? பல வீடுகளில் இதற்குப் பதில் மௌனம்தான்.

தாலி கட்டியதால் மனைவியின் உடலும் தன் உடைமை என்று எண்ணுவதுதான் அடி உதைக்கு வேர். பழியைக் குடியின் மேல் போடுவது வழக்கம். குடித்தவன் தோட்டத்துச் சூப்பர்வைசரை அடிப்பதில்லையே! ஆபீஸ் குமாஸ்தா மேலதிகாரியிடம் கை ஓங்குவதில்லையே! யாரை அடித்தால் கேட்பாரில்லை என்பது போதையிலும் தெரிந்துதான் இருக்கிறது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் கேரளத்தில் நூற்றுக்குச் சுமார் 10 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். பிழைப்புத் தேடி எல்லை தாண்டியவர்கள் மூட்டை முடிச்சுடன் இந்தப் பழக்கத்தையும் சுமந்து வந்தார்களா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாட்டிலும் பாரம் பெண்ணுக்கே. ஆணுக்குரிய அறுவை எளியது. ஆனாலும் இந்தியாவில் அதை நம்பியிருக்கும் தம்பதியர் ஆயிரத்துக்கு மூவர்தான். மனைவி அறுவை செய்துகொண்டவர்களோ 379 பேர். வயது வந்த பெண் சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொள்ளக் கணவனின் கையெழுத்து தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டுமின்றி பாலியல் துன்புறுத்தலையும் குற்றச்சாட்டாக ஏற்கிறது. 181 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் உதவி கிடைக்கும். ஆனால், சட்டம் நடந்த பின் வருவது. அறிவு நடக்கும் முன் வர வேண்டியது. 2017-இல் பாலக்காடு வாளையாரில் இரு சிறுமியர். 2021-இல் இடுக்கி வண்டிப்பெரியாறு லயத்தில் ஆறு வயதுக் குழந்தை. இறந்தபின் நடந்த வழக்குகள் அந்தப் பிள்ளைகளை மீட்டுத் தரவில்லை.

எனவே ஆண்களுக்குத்தான் பாடம் வேண்டும். போனஸைப் பற்றிப் பேசும் யூனியன் கூட்டத்தில் இதற்கும் கால் மணி நேரம் ஒதுக்கலாம். சுகாதார ஊழியர் லயத்துக்கு வரும்போது ஆண்களும் உட்கார்ந்து கேட்கலாம். தமிழ்ப் பள்ளிகளில் பையன்களுக்கு, 'வேண்டாம் என்றால் வேண்டாம்தான்' என்று சொல்லித் தரலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் பள்ளி வீடு. தந்தை தாயிடம் எப்படி நடக்கிறான் என்பதை மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதலாளி தன்னை மனிதனாக மதிக்க வேண்டும் என்று கேட்கும் தொழிலாளி, அந்த மதிப்பை முதலில் தன் மனைவிக்குத் தர வேண்டாமா?