அணைக் கணக்கைத் திறந்து வையுங்கள்

தேனி மாவட்ட நாளிதழ் வாசகர்களுக்கு 'அணை நிலவரம்' மனப்பாடம். பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி என நீர்மட்டமும் நீர்வரத்தும் வரிசையாக இருக்கும். கசிவு நீர் எவ்வளவு, மதகுச் சங்கிலி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை. அணையைப் பலப்படுத்தத் திட்டமிடும் பொறியாளருக்கு வேண்டியவை இவைதான்.

அணைச் சுவரைச் சிறு கூறுகளாகப் பிரித்து, நீரழுத்தமும் நில அதிர்வும் ஒவ்வொன்றையும் என்ன செய்யும் என்று மென்பொருள் கணக்கிட்டுவிடும். கட்டுமானப் பொருளின் வலிமையையும் அதிர்வின் அளவையும் மனிதர்தான் உள்ளே கொடுக்க வேண்டும். முல்லைப் பெரியாறு விவகாரம் சிக்கியது இங்கேதான். 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அந்த அணை பெரிய நில அதிர்வைத் தாங்காது என்றது, கேரளத்துக்காக ரூர்க்கி ஐஐடி செய்த ஆய்வு. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012-ல் அணை பாதுகாப்பானது என்றது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. இரு தரப்பிலும் நிபுணர்கள்தான். அவரவர் வைத்துக்கொண்ட அனுமானங்கள் வேறு. அந்த எண்களைத் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் வைத்திருந்தால், அந்த அணை நீரை நம்பியிருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அத்தனை ஆண்டுகள் நீதிமன்றத்தைப் பார்த்துக் காத்திருக்க நேர்ந்திருக்காது.

பரம்பிக்குளம் அணையில் 2022 செப்டம்பரில் ஒரு மதகின் ஷட்டர் பெயர்ந்து போனது. 2024 ஆகஸ்டில் துங்கபத்திரை அணையின் 19-ஆவது மதகில் சங்கிலி அறுந்து ஷட்டர் அடித்துச் செல்லப்பட்டது. ஓர் அணையில் கிடைத்த பாடம் அடுத்த மாநிலத்துப் பொறியாளரின் கணினிக்குப் போய்ச் சேரும் வழி இன்னும் சரியாக அமையவில்லை.

மத்திய நீர் ஆணையத்தின் 'தர்மா' மென்பொருள் அணை விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்கிறது. நல்ல தொடக்கம்தான், ஆனால் அது துறையினரின் கருவியாகவே இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்கும் அது திறக்கப்பட வேண்டும். பாதுகாப்பு ரகசியம் என்ற மறுப்பு வரும். காவல் ஏற்பாடுகளை மறைக்கலாம். காரையின் வலிமையை மறைத்து யாருக்கு என்ன லாபம்?

தரவைத் திறந்தால் என்ன பயன் என்பதற்கு ஓர் உதாரணம்: தேவதானப்பட்டிக்கு மேலே உள்ள மஞ்சளாறு அணையின் முழு நீர்மட்டம் 57 அடி. கொடைக்கானல் சரிவின் மழையும் அணையின் நீர்வரத்தும் ஆண்டுக்கணக்கில் பதிவேடுகளில் இருக்கின்றன. அவற்றைக் கற்கும் மென்பொருள், வெள்ள எச்சரிக்கையைச் சில மணி நேரம் முன்னதாகவே தர முடியும். மதகைத் திறக்கும் முடிவு மட்டும் பொறியாளர் கையில் இருக்கட்டும்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-ல் அமலுக்கு வந்தது. முதல் முழு மதிப்பீட்டுக்கு அது தந்த கெடு 5 ஆண்டுகள். அந்த அறிக்கைகளைத் தமிழக நீர்வளத்துறை உள்ளீட்டு எண்களோடு வெளியிட வேண்டும். மஞ்சளாற்றிலிருந்தே தொடங்கலாம்.