வழக்கேடும் மெழுகுவர்த்தியும்

ஆண்டுதோறும் நவம்பர் 26-ஆம் தேதி நம் தேசம் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவுகூர்கிறது. 1949-ல் அரசியல் நிர்ணய சபை நமது அரசியல் சாசனத்தை ஏற்றுக்கொண்ட தினம் அது. 2015 முதல் சர்க்கார் அதனைச் சாசன தினமாக அனுஷ்டித்து வருகிறது. கராச்சியிலிருந்து கடல் வழியே வந்து சேர்ந்த பத்து இளைஞர்கள், 2008-ல் மும்பை நகரத்துள் புகுந்து, ஏறக்குறைய அறுபது மணி நேரம் அதனை நடுநடுங்கச் செய்து, 166 உயிர்களைக் கொள்ளைகொள்ளத் தொடங்கியதும் அதே தினத்தில்தான். காலையில் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் சாசனத்தின் முகப்புரை வாசிக்கப்படுகிறது. மாலையில் தொலைக்காட்சிகளில் தாஜ் ஹோட்டலின் குவிமாடத்தைச் சூழ்ந்த கரும்புகை மறுபடியும் காட்டப்படுகிறது. காலையில் வாசித்தவர்களுக்கு மாலைக் காட்சியும், மாலையில் கொதிப்பவர்களுக்குக் காலை வாசகமும் ஞாபகத்துக்கு வருவதாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே நெருங்கிய சம்பந்தம் உண்டென்பதும், அச்சம்பந்தம் மும்பை ஆர்தர் ரோடு சிறைச்சாலைக்குள் அமைந்த ஒரு நியாயஸ்தலத்தில் உண்டாயிற்றென்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் பொதுஜன ஞாபகம் என்பதன் போக்கைக் கொஞ்சம் கவனிக்கலாம். அன்றிரவு எல்லா இடங்களையும் விட அதிகமான பேர் மாண்ட இடம் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம். நம்மவர்கள் இன்றும் வி.டி. என்று சொல்லிப் பழகிய, நாகர்கோவிலிலிருந்து புறப்படும் ரயில் போய் நிற்கிற அதே நிலையம். தொலைதூர வண்டிகளுக்காக மூட்டை முடிச்சுகளோடு தரையில் உட்கார்ந்திருந்த பிரயாணிகளின் நடுவே இரண்டு பேர் நுழைந்து சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். நிலையத்தின் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே, தம் கண்ணாடி அறையிலிருந்தபடியே ஒலிபெருக்கியில் ஜனங்களை வெளியேறச் சொல்லி ஓயாது எச்சரித்திராவிட்டால் அந்தத் தொகை இன்னும் பெருகியிருக்கும். மறுநாள் காலையில் ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. நகரத்தின் திடசித்தத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். கூலி போனால் அன்றைய அடுப்பு எரியாது என்பதனால் வண்டி ஏறியவனுக்கு அந்தப் புகழ்ச்சி எவ்வளவு தூரம் பொருந்துமோ, நான் அறியேன். டிசம்பர் 3-ஆம் தேதி மெழுகுவர்த்தி ஏந்தித் திரண்ட பெருங்கூட்டம் கூடியது ரயில் நிலைய வாசலில் அல்ல. தாஜுக்கு எதிரே, கேட்வே ஆஃப் இந்தியாவில். ஹோட்டல் முற்றுகை நாட்கணக்கில் நீடித்ததென்பதும், காமிராக்கள் அங்கேயே நின்றனவென்பதும், நிலையத்தில் நடந்தது விரைவிலேயே முடிந்துவிட்டதென்பதும் உண்மைதான். ஆயினும் காமிராக்கள் அகன்று வருஷங்கள் கடந்த பின்பும் நம் மனக்கண் தாஜை விட்டு நகரவில்லை என்பதற்கு முற்றுகையின் நீளம் மட்டும் காரணமாகாது. தனக்கு ஒப்பானவர்களையும், தான் ஒப்பாக விரும்புகிறவர்களையும் துக்கத்தில்கூட முன்வரிசையில் அமர்த்துவது பொதுஜன ஞாபகத்தின் சுபாவம். அதே இரவில் விலே பார்லே, மஸ்காவ் பகுதிகளில் டாக்சிகளில் வைத்த வெடிகுண்டுகளால் இறந்தவர்களை எந்தத் தொலைக்காட்சியாவது நினைவுகூர்ந்து நாம் பார்த்திருக்கிறோமா?

ஞாபகம் விட்டுவிடுவது ஒரு குறை; இல்லாததைச் சேர்த்துக்கொள்வது அதனினும் பெரிய குறை. உயிரோடு பிடிபட்ட ஒரே கொலையாளியான அஜ்மல் கசாப் சிறையில் பிரியாணி கேட்டான் என்ற கதையை அறியாதவர் இந்நாட்டில் அபூர்வம். அரசுத் தரப்பின் விசேஷ வழக்கறிஞராக இருந்த உஜ்வல் நிகம், 2015-ல் ஜெய்ப்பூரில் பேசும்போது, கசாப் பிரியாணி கேட்டதுமில்லை, அவனுக்கு அது பரிமாறப்பட்டதுமில்லை, அவன்பால் ஜனங்களுக்கு இரக்கம் சுரந்துவிடலாகாதென்று தாமே அக்கதையைக் கட்டிவிட்டதாகப் பகிரங்கமாகவே சொன்னார். சொன்ன பிறகும் கதை சாகவில்லை. பயங்கரவாதிக்குப் பிரியாணி போடுகிற தேசம் என்ற வசை இன்றும் மேடைகளில் தேசபக்தியின் பெயரால் உருட்டப்படுகிறது. 166 பேரின் மரணத்தை விட ஒரு தட்டுச் சோறு எளிதில் ஞாபகத்தில் தங்கிவிட்டதே என்று வருந்துவதா, அதைத் தங்க வைத்தவர் நியாயத்தைக் காக்க வந்தவரே ஆயிற்றே என்று வியப்பதா?

இன்னொரு சம்பவமும் அக்காலத்தில் மிகவும் சிலாகிக்கப்பட்டது. இறந்துபோன ஒன்பது கொலையாளிகளின் சடலங்களுக்குத் தங்கள் மயானத்தில் இடமில்லை என்று மும்பையின் ஜும்மா மசூதி டிரஸ்ட்டார் மறுத்துவிட்டார்கள். ஓராண்டுக்கும் மேலாக அச்சடலங்கள் ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் பிணக்கிடங்கில் கிடந்தன. 2010 ஜனவரியில் சர்க்கார் அவற்றை ரகசியமாகப் புதைத்தது. கொலைகாரர்கள் எந்த மதத்தின் பெயரைத் தங்கள் வாயில் வைத்துக்கொண்டு வந்தார்களோ, அந்த மதத்தைச் சேர்ந்தவர்களே அவர்களுக்கு ஆறடி மண்ணையும் மறுத்த அந்தக் காரியத்தில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கொண்டாடியவர்களின் குரலில், பரீட்சையில் தேறிய மாணவனைத் தட்டிக் கொடுக்கும் உபாத்தியாயரின் தொனி கலந்திருந்ததே, அது எனக்கு அன்றும் உவப்பாயில்லை, இன்றும் உவப்பாயில்லை. அன்று சுடப்பட்டு மாண்டவர்களுள் முஸ்லிம்களும் பலர். மாண்டவனின் உறவினன் தன் தேசாபிமானத்துக்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையை மற்றவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

இனி ஆர்தர் ரோடுக்கு வருவோம். கையில் லத்தியன்றி வேறொன்றும் இல்லாத உதவி சப் இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, கிர்காம் சௌபாத்தியில் கசாபின் துப்பாக்கிக் குழலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தம் உடலில் வாங்கிக்கொண்டு வீழ்ந்ததனால்தான் அவன் உயிரோடு பிடிபட்டான். அசோக சக்கர விருது அவருக்கு மரணத்திற்குப் பின் அளிக்கப்பட்டது. அவர் சம்பாதித்துக் கொடுத்ததோ ஒரு விசாரணை. அதைப் பெற்ற தேசத்துக்கு அதன் அருமை உடனே விளங்கவில்லை. கசாபுக்காக யாரும் ஆஜராகக் கூடாதென்று மும்பை வழக்கறிஞர்களின் சங்கமொன்று தீர்மானம் செய்தது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞரின் வீட்டின் மீது 2009 மார்ச்சில் கல்லெறிந்தார்கள். எல்லோரும் கண்ணால் பார்த்த குற்றத்துக்கு விசாரணை எதற்கு என்பதே தெருவின் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விசேஷ நீதிபதி தஹலியானி நடந்துகாட்டிய விதத்தில் பதிலளித்தார். 2009 ஜூலையில் கசாப் திடீரென்று எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அத்துடன் வழக்கை முடித்துத் தண்டனை விதித்திருந்தால் தேசம் முழுவதும் கைதட்டியிருக்கும். அவரோ அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்துகொண்டு, விசாரணையை மேலே நடத்தினார். குற்றப்பத்திரிகை பதினோராயிரம் பக்கங்களுக்கு மேல். சாட்சிகள் அறுநூறு பேருக்கு மேல். காலில் குண்டு பாய்ந்த ஒரு சிறுமி ஊன்றுகோலுடன் வந்து கூண்டில் நின்று அடையாளம் காட்டினாள். 2010 மே மாதம் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உடன் நிறுத்தப்பட்ட இரண்டு இந்தியர்கள் போதிய சாட்சியம் இல்லையென்று அதே தீர்ப்பில் விடுதலை செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றமும், 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இவ்விரண்டு முடிவுகளையும் உறுதி செய்தன. உச்ச நீதிமன்றத்தில் கசாபின் பொருட்டு வாதாட ராஜு ராமச்சந்திரன் என்ற மூத்த வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். முற்றுகையை நேரடியாக ஒளிபரப்பிய தொலைக்காட்சிகளின் நடத்தை எல்லைக்கு அப்பாலிருந்து கொலையாளிகளை ஏவியவர்களுக்கே உதவியது என்பதையும் அந்நீதிமன்றம் கடுமையாகச் சொல்லத் தவறவில்லை. நவம்பர் 21-ஆம் தேதி எரவாடா சிறையில் கசாப் தூக்கிலிடப்பட்டான். மரண தண்டனை கூடாதென்பது என் நெடுநாளைய கொள்கை. ஆதலால் அந்த முடிவில் நான் மகிழ்ச்சி கொள்ளவில்லை. அதற்கு முன் நடந்த நான்கு வருஷத்துக் காரியத்தைத்தான் சொல்கிறேன். ரயில் நிலையத்துத் தரையில் மாண்ட பெயரறியாத பிரயாணியும், ஹோட்டல் விருந்தாளியும், டாக்சி ஓட்டியும், காமா ஆஸ்பத்திரி அருகே வீழ்ந்த கர்கரே, காம்தே, சாலஸ்கர் என்ற உயரதிகாரிகளும் ஒரே வரிசையில், ஒரே எடையோடு எழுதப்பட்டிருப்பது அந்த வழக்கேட்டில்தான். மெழுகுவர்த்திக் கூட்டம் செய்யாத சமத்துவத்தைக் குமாஸ்தாவின் பேனா செய்திருக்கிறது.

இது மிகையென்று தோன்றுமானால், அதே நகரத்தின் வேறொரு துக்கத்தைப் பாருங்கள். 2006 ஜூலை 11-ஆம் தேதி மாலையில், மேற்கு ரயில்வேயின் புறநகர் வண்டிகளில் சில நிமிஷங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. வீடு திரும்பிக்கொண்டிருந்த 180-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2008-ல் மாண்டவர்களை விட இத்தொகை அதிகம். போலீசார் துரிதமாகக் குற்றவாளிகளைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். தேசம் திருப்தியடைந்து வேறு விவகாரங்களைப் பார்க்கப் போயிற்று. 2015-ல் விசேஷ நீதிமன்றம் பன்னிரண்டு பேரைத் தண்டித்தது; ஐவருக்குத் தூக்கு. 2025 ஜூலை 21-ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம், அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபிக்க முற்றிலும் தவறிவிட்டதென்றும், ஒப்புதல் வாக்குமூலங்களை நம்புவதற்கில்லையென்றும் சொல்லிப் பன்னிரண்டு பேரையும் விடுதலை செய்தது. அவர்களுள் ஒருவர் சிறையிலேயே இறந்துபோயிருந்தார். தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாதென்ற அளவுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் அதை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. வெளியே வந்தவர்களை மறுபடி உள்ளே அனுப்பவில்லை. பத்தொன்பது வருஷங்களுக்குப் பின் அந்த மரணங்களுக்குக் காரணகர்த்தா யார் என்ற கேள்வி, வெடித்த அன்று இருந்த இடத்திலேயே வந்து நிற்கிறது. ஆத்திரத்தைத் தணிக்கும் பொருட்டு அவசரமாக ஆள் பிடித்துக் கொடுக்கும் தேசபக்தி, முடிவில் இறந்தவர்களுக்கே துரோகம் செய்துவிடுகிறது. 1993-ஐயும் சொல்லலாம்: மார்ச் மாதத்துக் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்ததற்கு நூறு பேர் தண்டனை பெற்றனர், அதற்கு முந்திய இந்து-முஸ்லிம் கலவரத்தில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கிட்டதே, அதற்கு அதில் சிறு பங்கு விசாரணைகூட நடக்கவில்லை. எழுதப்படாத துக்கம் இரு சாராரிடமும் வெவ்வேறு வடிவத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

தேசம் 2008-லிருந்து நடைமுறையில் கற்றுக்கொண்டவையும் இல்லாமல் இல்லை. மானேசரிலிருந்து புறப்பட்ட கமாண்டோக்கள் மறுநாள் காலைதான் போய்ச் சேர முடிந்தது என்ற அவமானம், சென்னை உட்பட நான்கு நகரங்களில் அப்படைக்கு முகாம்கள் அமையக் காரணமாயிற்று. கொலையாளிகள் போர்பந்தர் மீன்பிடிப் படகொன்றைக் கைப்பற்றி, அதன் தலைவனைக் கொன்று, மீனவக் குப்பத்தருகே கரையேறினார்கள் என்பதனால், நாகப்பட்டினத்து மீனவனும் இராமேசுவரத்து மீனவனும் அடையாள அட்டையின்றிக் கடலுக்குள் போகலாகாதென்று ஆயிற்று. அன்று கரையேறிய அந்நியர்களைக் கண்டு நீங்கள் யார் என்று கேட்டவர்கள் மீனவர்களேயாயினும், சந்தேகத்தின் சுமை பெரும்பாலும் அவர்கள் தோளில்தான் ஏறியது என்பதை இங்கே சொல்லாமல் போவது நியாயமாகாது.

தாக்குதலுக்குத் துணை நின்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட தஹவ்வுர் ராணா 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து டில்லிக்குக் கொண்டுவரப்பட்டார். விமானம் இறங்குமுன்பே, தூக்கில் போடுங்கள் என்ற குரல்களும், இவருக்குப் பிரியாணி கிடையாது என்ற பேச்சும் கிளம்பிவிட்டன. பதினேழு வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தட்டு காலியாகவில்லை. அதே சமயத்தில் டில்லி சட்ட உதவி ஆணையம் அவருக்காக வாதாட ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. 2009-ல் கல்லெறிக்கு இடமான அதே காரியம் இம்முறை செய்தித்தாளில் இரண்டு வரியாக வந்து போயிற்று. இந்த வழக்கில் இனி வரவேண்டிய சாட்சிகள் முதியவர்களாகிவிட்டிருப்பார்கள். இதே தாக்குதலுக்கு உதவியதற்காகச் சிகாகோ நீதிமன்றம் முப்பத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்த டேவிட் ஹெட்லி இன்னும் அமெரிக்கச் சிறையிலேயே இருக்கிறார். ஏவியவர்களுள் பெரும்பாலோர் நம் நியாயஸ்தலங்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். ஆகையால் இவ்விசாரணை மெதுவாகத்தான் நடக்கும். மெதுவாக நடப்பதற்கு அதை விட்டுவைப்பதுதான் இப்போது நம்மிடம் கேட்கப்படுவது.